வெள்ளிக்கிழமைப் பக்கம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. அக்காவை ஊசி போட உள்ளே அனுப்பிவிட்டு அதில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பேனா கேட்டார். கொடுத்தேன். மடியில் ஒரு நோட்டை விரித்து, ஏழு நாளுக்கான கட்டங்களை மூன்று நிமிடத்தில் நிரப்பினார். பிறகு என் பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மனைவியோடு உள்ளே போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மரணம் அவருடைய கதவைத் தட்டியபோது அவர்

(வேண்டாம். அவரைப் பூட்டு ரிப்பேர்காரர் ஆக்கியிருக்கிறேன். கதவைத் தட்டுகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார்.)

இரண்டாம் தொடக்கம்: "அவர் ஒரு போராளி. நோயோடு அவர் நடத்திய

(இதைக் கேட்டால் எழுந்தே போய்விடுவார். அவர் யாரோடும் வம்புக்குப் போனதில்லை. சாவி தொலைத்தவர்கள் வீட்டுக்குப் போவார், திறந்து கொடுப்பார், வந்துவிடுவார்.)

சரி. பூட்டுக்காரருக்கு வயது ஐம்பத்தாறு. பெருங்குடலில் வந்த புற்றுநோயை அறுவை செய்து எடுத்தார்கள். அது ஈரலில் மறுபடி தலைகாட்டியது. டாக்டர் ஒரு மருந்து ஆய்வைப் பற்றிச் சொன்னார். வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. பாதிப் பேருக்கு அதோடு ஒரு புது மருந்தும் சேரும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பதினெட்டுப் பக்கம் வாசித்து, வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டு, சம்மதமென்றால் கையெழுத்து. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.* அவர் கையெழுத்துப் போட்டார். குலுக்கலில் புது மருந்து விழுந்தது. முதல் ஸ்கேனிலேயே கட்டி சுருங்கியிருந்தது.

* இந்த விதி இந்தக் கதைக்கும் பொருந்தும். நீங்கள் எங்கே விலகினாலும் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கும்.

3

ஆய்வில் சேர்ந்தவர்கள் தினமும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். களைப்பு, வாந்தி, தூக்கம், விரல் மரத்துப் போதல். ஒன்றுமில்லை என்றால் சைபர், தாங்க முடியவில்லை என்றால் நாலு. அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்கே எழுத வேண்டும்.

பூட்டுக்காரர் களைப்புக்கு இரண்டு போட்டார், வாந்திக்கு ஒன்று போட்டார். மரத்துப் போதலுக்கு மட்டும் ஐந்து வாரமாகச் சைபராக அடுக்கிக்கொண்டு வந்தார்.

பூட்டுக்குள் கம்பியை விட்டு நெம்பினால் உள்ளே சாவிக்கு வழிவிடும் சின்ன ஊசிகள் ஒவ்வொன்றாக எழும்புவது விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். அவருக்குக் கையுறை போட்டுத் தொடுவதுபோல் இருந்தது. கொஞ்ச நாள் ஓய்வு என்று சொல்லிக் கடையை மூடினார். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள்.

"சிஸ்டர்கிட்டச் சொல்லிடுங்களேன்" என்றாள் ஒருநாள்.

"சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. கட்டி கரையுது. விரல் போனாப் போகுது."

(இங்கே அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. விரலை வைத்தே பிழைத்த மனிதர் இப்படிச் சொல்வாரா? மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். சொல்வார். தலைமுடி கொட்டியபோது அக்காவும் போனாப் போகுது என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள்.)

4

அவர் எப்படி மாட்டிக்கொள்வது? மருத்துவமனையின் மருந்து அலமாரிப் பூட்டு சிக்கிக்கொள்கிறது, அவர் திறந்துகொடுக்கப் போகிறார், விரல் ஒத்துழைக்க மறுக்

(அடித்துவிட்டேன். என் வசதிக்காக நன்றாக இருக்கும் அலமாரியைக் கெடுப்பது நியாயமில்லை. பெஞ்சில் நான் பார்த்ததே போதும்.)

அன்று வியாழக்கிழமை. ஆய்வில் உள்ளவர்களைக் கவனிப்பதற்கென்றே இருக்கும் நர்ஸ், நோட்டைப் புரட்டினார்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"வெள்ளிக்கிழமையும் எழுதியிருக்கீங்க. நல்லாத் தூங்குனீங்களாமே."

பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எழுதித்தான் இருந்தது, என் பேனாவால்.

"தூங்கிடுவேன், சிஸ்டர்."

"விரலும் மரத்துப் போகலையாம்."

"போகாது."

மனைவி ஜன்னலைப் பார்த்தபடி, "சட்டைக்குப் பொத்தான் யார் போட்டுவிட்டாங்கன்னு கேளுங்க" என்றாள்.

"நீ சும்மா இரு."

"அஞ்சு வாரமா சும்மாதான் இருக்கேன்."

நர்ஸ் கோபப்படவில்லை. நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொன்னா நிறுத்திடுவீங்க" என்றார் பூட்டுக்காரர், தரையைப் பார்த்து.

"அளவக் குறைப்பாங்க, இல்ல கொஞ்ச நாள் தள்ளிப் போடுவாங்க. மொத்தமா நிறுத்தவும் வேண்டி வரலாம். டாக்டர்தான் சொல்லணும், நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆனா நிறுத்தினாலும் உங்களுக்கு வைத்தியம் உண்டு, நாங்களும் இங்கதான் இருப்போம். மறைச்சா, போன உணர்வு திரும்பாமலே போயிடலாம்."

"என் விரல்தானே."

"உங்க விரல் மட்டும் இல்லைங்க. நீங்க சைபர்னு எழுதினா, இந்த மருந்து விரல ஒண்ணும் செய்யாதுன்னு நாங்க எழுதுவோம். அப்புறம் ஒரு தையல்காரர் வருவாரு. அவருக்கு அதைத்தான் வாசிச்சுக் காட்டுவேன்."

அந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

5

"என்ன செய்யணும்?" என்றார் பூட்டுக்காரர்.

"பழசக் கிறுக்கி அழிக்கக் கூடாது. ஒரே கோடு போடுங்க, கீழ இருக்கறது தெரியணும். பக்கத்துல உண்மைய எழுதி, இன்னைக்குத் தேதியும் கையெழுத்தும் போடுங்க."

(என் அடித்தல்களையும் நீங்கள் பார்க்கும்படி விட்டுவைத்திருப்பது இந்த விதிப்படிதான். கதை எழுதுவதையே கதையாக்கும் மீபுனைவு இது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.)

அவர் பேனாவைப் பிடிக்கச் சிரமப்பட்டார். மனைவி கையைப் பிடித்துக்கொடுக்க வந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினார். வியாழக்கிழமைச் சைபரின்மேல் கோணலாக ஒரு கோடு. பக்கத்தில் மூன்று. பிறகு முந்தின நாள், அதற்கும் முந்தின நாள் என்று பின்னோக்கிப் போனார். ஐந்து வாரத்தைத் திருத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"வெள்ளிக்கிழமைக்கு என்ன போடட்டும்?"

"கோடு மட்டும் போடுங்க. நாளைக்கு உள்ளத நாளைக்கு எழுதுங்க" என்ற நர்ஸ், டாக்டரைக் கூப்பிடப் போனார்.

6

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

அளவு குறைகிறது, உணர்வு திரும்புகிறது. ஒரு காலையில் பொத்தானை அவரே போட்டுக்கொண்டு கடையை

மருந்து நிற்கிறது. அடுத்த ஸ்கேனில் கட்டி

இரண்டின்மேலும் ஒரே கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டேன். இரண்டுமே வியாழக்கிழமை எழுதிய வெள்ளிக்கிழமைகள்.

நான் இதை எழுதுவதும் ஒரு வியாழக்கிழமைதான். அக்காவின் ஸ்கேன் முடிவு நாளைக் காலையில் வருகிறது. இப்போது அவள் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லக்கா."

"நான் இருக்கேனா அதுல?"

"ஓரமா."

"நல்லாயிடறேனா?"

அதை எழுதவில்லை என்றேன். "சரி, சாப்பிட வா" என்று போய்விட்டாள்.

நீங்கள் வாசிக்கும்போது அந்த வெள்ளிக்கிழமை எப்போதோ கடந்திருக்கும். உங்களுக்கு அது பழைய செய்தி. எனக்கு இன்னும் வரவில்லை. பயமாக இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதுவதானால் உங்கள் பேனாவால் எழுதுங்கள், என்னுடையது அவரிடம் இருக்கிறது.

வெள்ளி. களைப்பு: ____ தூக்கம்: ____ விரல்: ____