ஜெயா கட்டிய கட்டு

1974 ஆனி மாதம், திருக்கனூரில் மணிலாக் கடலை மண்டி வைத்திருந்த சிவப்பிரகாசத்துக்கு முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்தது. அறுபத்தெட்டு வயது, போதாததற்குச் சர்க்கரை வியாதி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அறுத்துச் சீழை எடுத்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"தினமும் புண்ணைக் கழுவி, மருந்துத் துணியை உள்ளே வச்சுக் கட்டணும். மேல்தோல் முதல்ல மூடிடக் கூடாது. அடியிலேர்ந்து ஆறிக்கிட்டு வரணும்" என்று டாக்டர் சொன்னதை மருமகள் ஜெயா இரண்டு தரம் கேட்டுத் தெளிந்துகொண்டாள்.

மறுநாள் மகன் ராசு கட்டைப் பிரித்தான். அறுத்த குழியைப் பார்த்ததும் கண் இருட்டி, சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். மாமியார் இறந்து ஆறு வருடம். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஜெயா சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீ போம்மா. மருமவ கிட்ட முதுகக் காட்டுறதா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருல ஒருத்தர் வந்து கட்டுப் போடட்டும் மாமா, நான் போயிடுறேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கழுவத் தொடங்கினாள். சீழ் நாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி முடித்தாள். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். அடுத்த நாள் மறுபடி வந்தாள்.

பத்து நாள் அவர் அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் புண்ணின் வாய் சுருங்கியிருந்தது. ராசு சந்தோஷப்பட்டான். ஆனால் சுற்றிலும் தோல் சிவந்து கொதித்தது. அழுத்தினால் உள்ளே தளதளவென்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும், இப்பவே" என்றாள் ஜெயா.

"ஆறுது இல்ல? எதுக்கு?" என்றார் மாமனார்.

"மேல மட்டுந்தான் மூடுது மாமா. எழுந்திருங்க."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கூட்டம் அவர் முதுகில் மோதாதபடி, பின்னால் நின்று இரு கைகளாலும் கம்பியைப் பிடித்து மறித்துக்கொண்டாள். வில்லியனூர் தாண்டும்போது அவள் கை மரத்தே போய்விட்டது.

டாக்டர் மறுபடியும் கீறிச் சீழை வெளியேற்றினார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். யாரு பாத்தது?"

"எங்க ஜெயாதான்" என்றார் சிவப்பிரகாசம்.

மறுநாள் காலை அவள் வெந்நீரோடு வந்தபோது, அவரே சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

குழி நிரம்ப இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை குப்புறவே படுத்துவந்தவர், ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பாயில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார்.