அடிமணல்

"ஊத்துங்கடி, ஒரு சொட்டு நிக்கக் கூடாது!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று வெள்ளையம்மா எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி சதாசிவத்தை ஏற்றிய வண்டி அப்போதுதான் தாமான் குடியிருப்பின் முனையில் திரும்பி மறைந்திருந்தது. சதாசிவத்தின் மகன் மகேஸ்வரனோடு ஆண்கள் எல்லாரும் மின்சுடலைக்குப் போய்விட்டார்கள். பிணம் போன வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் தங்கக் கூடாது என்பது வெள்ளையம்மாவின் சட்டம். குடிதண்ணீர் ஜக்கு, குளியலறை வாளி, சாமி மேடைச் செம்பு என்று ஒவ்வொன்றாகக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

சதாசிவத்தின் மனைவி புஷ்பவேணி, தலையில் ஊற்றிய தண்ணீர் காயாமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்தவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, அதற்கு ஏச்சும் வாங்கியவள் அவள். நேற்றுக் காலையில் அவர் மூச்சு நின்றபோது முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அவருக்கும் விட்டது, எனக்கும் விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வருகிறவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழும்போது அவளும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமாளித்தாள்.

ஜன்னலோரம் ஓர் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி இருந்தது. சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேலையை விட்டு வந்ததும் சதாசிவம் ஆசையாக வாங்கியது. படுத்த பிறகு அதையும் அவள் தலையில் கட்டிவிட்டார். கட்டிலில் கிடந்தபடியே குழறிக் குழறிப் பாடம் நடத்துவார். மேல்மணலை மட்டும் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான். அடிமணலில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே வருஷக்கணக்கான அழுக்கு காற்றில்லாமல் கறுத்துக் கிடக்கும், கிளறினால் விஷவாயு கிளம்பி மீனைக் கொன்றுவிடும். புஷ்பவேணி முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தாள். ஆனால் எவ்வளவு பார்த்தும் மனுஷன் தேய்ந்துகொண்டே போனார். தொட்டியில் இருந்த மூன்று மீனும் கொழுகொழுவென்று வளர்ந்தன. அவள் கைபட்டு அந்த வீட்டில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

அந்தத் தொட்டிக்குள் இப்போது வெள்ளையம்மாவின் வாளி இறங்கியது.

"அண்ணி, அதத் தொடாதீங்க!"

"ஏன், இதுவும் தண்ணி தானே?" இரண்டு வாளி மொண்டு ஊற்றியாகிவிட்டது. "எந்தக் காலத்து மண்ணோ, இதையும் வாரிக் கொட்டிடணும்." சோற்றுக் கரண்டியை அடிக்கண்ணாடி வரைக்கும் விட்டு ஒரு கிளறு கிளறினாள்.

தண்ணீர் கறுத்துக் கலங்கியது. அழுகின முட்டை நாற்றம் கூடம் முழுக்கப் பரவ, பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

"அலமாக்! பாத்தீங்களாடி, தீட்டு எப்படி வெளிய வருதுன்னு!" என்றாள் வெள்ளையம்மா.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. புஷ்பவேணி எழுந்துவிட்டாள்.

"ம்மா, உக்காருங்க. ஆளுங்க பேசுவாங்க" என்று மகள் லோஷினி கையைப் பிடித்தாள்.

"பேசட்டும் லா. பின்னால பிளாஸ்டிக் தோங்குல உப்புத் தண்ணி கலந்து வச்சிருக்கேன். ஊத்திட்டாங்களான்னு பாரு, ஓடு!"

லோஷினி ஓடினாள். "பாதி போச்சும்மா! மிச்சத்தையும் சாய்க்கிறாங்க!"

"புடிச்சு நிறுத்து!"

வலையைப் போட்டு மூன்று மீனையும் ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு திரும்பினால், சமையலறை வாசலை மறித்துக்கொண்டு வெள்ளையம்மா நின்றாள்.

"இன்னைக்கு இந்த வீட்டுல பழைய தண்ணி இருக்கக் கூடாது, சொல்லிட்டேன். என் தம்பி நல்லபடியா போய்ச் சேர வேணாமா?"

"அண்ணி, நாளைக்கு உங்க தம்பி சாம்பல எங்க கரைக்கப் போறோம்?"

"பொந்தியான் கடல்ல."

"தோங்குல இருக்கிறதும் கடல் தண்ணிதான். கடலுக்கு ஏது அண்ணி தீட்டு?"

வெள்ளையம்மா விலகி வழி விட்டாள். அது குழாய்த் தண்ணீரில் கடை உப்பைக் கலக்கியது என்று லோஷினிக்குத் தெரியும். அவள் காற்றுப் பம்ப்பை எடுக்கப் போனாள்.

தோங்கில் விட்டதும் இரண்டு மீன் நீந்த ஆரம்பித்தன. மணலை வாயில் அள்ளிச் சலித்துத் துப்புகிற மூன்றாவது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து அடியில் கிடந்தது. லோஷினி காற்றுப் பம்ப்பைக் கொண்டுவந்து மாட்டினாள். புஷ்பவேணி முழங்கை வரை தண்ணீரில் விட்டு, குமிழி வரும் குழாயை அந்த மீனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"நீயாச்சும் இரு. நீயும் போயிடாத" என்றாள். சதாசிவத்திடம் அவள் கடைசிவரை அப்படிக் கேட்டதில்லை. கேட்க மனம் வரவில்லை. இதனிடம் கேட்க முடிந்தது.

கை விறைத்துப் போனது. மீனின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல மெல்லத் தணிந்தது. சட்டென்று அது நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காதது போல அவள் விரலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

புஷ்பவேணி சிரித்துவிட்டாள். சாவு வீட்டில், அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை. ஈரத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக விட்டு விட்டுத் தூங்கிய கண் தானாக மூடிக்கொண்டது.

பின்கட்டைக் கழுவ வந்த வெள்ளையம்மா அவளைப் பார்த்து நின்றாள். தோங்கை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு போய், சத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

ஆண்கள் திரும்பி வந்து இறங்கியபோது அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா எங்க, அத்த?" என்றான் மகேஸ்வரன்.

"பின்னால தூங்குறா. குளிக்கிறதெல்லாம் பக்கத்து வீட்டுல குளிங்க. இங்க ஒருத்தனும் தண்ணியத் தொறக்கக் கூடாது."

அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தார்கள்.