முகமூடிக்குள் ஒலீட்டா

மோபில் நகரப் பள்ளியில் பதினெட்டு வருடம் சமைத்துச் சலித்து, ஐம்பதாவது வயதில் நீதிமன்றக் குரல் பதிவாளர் வேலைக்குப் படிக்கிறேன். வாயை ஒட்டிய, ஒலிவாங்கி பொருத்திய முகமூடிக்குள், காதில் விழும் ஒவ்வொரு சொல்லையும் அழாமல் சிரிக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் பெயர், அதற்குப் பின் முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எல்லாமே வாயால்தான். கணினி அதை எழுத்தாக்கும்.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு ஒரு பழைய வழக்கின் ஒலிநாடா கொடுத்தார்கள். மனைவி ஒலீட்டா குளத்தில் மூழ்கியது எப்படி என்று வக்கீல் கேட்கிறார். "அவளுக்குக் கால் வழுக்கிடுச்சுங்க," என்கிறான் புருஷன். பிறகு நான்கு நொடி மௌனம். அவனை விடுதலை செய்துவிட்டார்களாம்.

பிழை திருத்தும்போது பார்த்தால், அந்த மௌனத்தின் இடத்தில் ஒரு வரி இருந்தது.

"ஒலீட்டா: அவருதான் தள்ளிவிட்டாரு."

என் குரல் பதிவைப் போட்டுக் கேட்டேன். நான்தான் சொல்லியிருந்தேன், முற்றுப்புள்ளியோடு.

பக்கத்து மேசை டார்லா எட்டிப் பார்த்தாள். "செத்தவ எங்கடி வந்து சாட்சி சொன்னா? டேப்ல இல்லாததை எழுதினா மார்க்கு போயிடும். அழிச்சுத் தொலை."

விதி அதுதான். எனக்கு மார்க்கு வேண்டும். மறுபடி அந்த அடுப்படிக்குப் போய் நிற்க என்னால் முடியாது. அழித்தேன்.

இன்று வேறு வழக்கு, கார் திருட்டு. ஒலிநாடாவில் நீதிபதி வாயைத் திறக்கும் முன்பே, முகமூடிக்குள் என் குரல் நிதானமாகச் சொன்னது:

"ஒலீட்டா, முக்காற்புள்ளி, ஏன் அழிச்சே, கேள்விக்குறி."