சபைக்குச் சொந்தமான நூல்

முதல் அடி விழுந்ததும் சத்தியபாய் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். மகன் மருமகளை அடிக்கும்போதெல்லாம் அவள் செய்கிற வேலை அது. இராஜாக்கமங்கலத்தில் அந்தத் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. காலங்காத்தாலேயே அங்கிருந்து பக்திப் பாட்டு தெருமுனைவரை கேட்டால், ரெஜிலா அடி வாங்குகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வரமாட்டார்கள்.

ஸ்டெனி அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து அடுக்களைச் சுவரில் மோதினான்.

"எங்கட்டி போற? வடசேரியில எவன் இருக்கான்?"

"தறி படிக்கப் போறேன்னு சொன்னேனே. இன்னைக்குப் பாவு சுத்தச் சொல்லித் தருவாங்க. நம்ம சபைக் கோயிலுக்கு உள்ள துணியாக்கும்."

"ஆம்பள வீட்டுல இருக்கும்போ நீ வேலைக்குப் போறியா? ஊருல எனக்க மானத்த விக்கியா?"

சார்ஜாவில் வேலை போய்த் திரும்பியவன் அவன். இங்கே கிடைத்த எந்த வேலையும் அவன் தகுதிக்குப் போதவில்லை. ஆனால் அடி அதற்கும் முன்பே இருந்தது. லீவில் வந்தபோதெல்லாம் அடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

கை ஓய்ந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ரெஜிலா வாயைக் கொப்பளித்தாள். தண்ணீர் சிவப்பாக வடிந்தது.

"யாராவது கேட்டா குளிமுறியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு பிள்ள" என்றாள் சத்தியபாய்.

"அதத்தான் மாமி இதுவரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

கலைந்த தலைமுடியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வடசேரியில் ஒரு பழைய கோடவுனைத்தான் நெசவுக்கூடமாக்கியிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற கிளாரா ரெஜிலாவைவிட இளையவள். வீங்கிய உதட்டைப் பார்த்தாள். ஐஸ் வாங்கி வந்து கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

நெடுக்கு இழைகளைச் சுற்றுகிற பாவு உருளையின் மேல் மரக் குச்சிகளை வரிசையாக நட்டு, அதைப் பல அறைகளாகப் பிரித்திருந்தார்கள். எதிரே ஒரு உயரமான சட்டத்தில் நூல்கண்டுகள். எல்லாக் கண்டுகளிலிருந்தும் இழைகள் ஒன்றாகக் கிளம்பி, நடுவில் இறுக்கம் கொடுக்கிற பெட்டிக்குள் நுழைந்து, முதல் அறையில் போய்ச் சுற்ற வேண்டும். அது நிறைந்தால் அடுத்த அறை.

"எல்லா அறையிலயும் ஒரே சுத்து, ஒரே இறுக்கம் அக்கா. ஒண்ணு தளந்தாலும் நெய்யும்போ துணி சுருங்கிப் போவும்."

முதல் அறை ரெஜிலாவுக்குத் தளர்ந்துதான் போனது. தோள் வலியில் கை நின்று நின்று சுற்றியது. அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினாள். இந்தமுறை இழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தட்டையாகப் படிந்தன. வரிசை கலையாமல் இழைமுனைகளை ஒட்டிவிட்டு, விரலால் தட்டிப் பார்த்தாள். கல்மாதிரி இருந்தது.

"நான் சுத்தினதா இது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். உதடு மறுபடி பிளந்தது.

பாதி உருளை நிறைந்தபோது வெளியே பைக் வந்து நின்றது. ஸ்டெனி உள்ளே வந்தான். கையில் தேங்காய் வெட்டுகிற வெட்டோத்தி.

"வெளிய வாட்டி."

"முடிச்சுட்டு வாறேன்" என்றாள் ரெஜிலா. அவனிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் ஓங்கி வெட்டினான். சட்டத்துக்கும் உருளைக்கும் நடுவே விறைத்து நின்ற இழைகள் அத்தனையும் ஒரே வீச்சில் அறுந்து தொங்கின. அடுத்து உருளையை வெட்ட ஓங்கினான். அவள் யோசிக்கவில்லை, கையைக் குறுக்கே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது. சுற்றி வைத்த வெள்ளை நூலெல்லாம் ரத்தம் தெறித்தது.

அவன் மறுபடியும் ஓங்கினான். ரெஜிலா நல்ல கையால் கண்டுச் சட்டத்தைப் பிடித்துத் தன் முழுப் பலத்தோடும் தள்ளினாள். அது அவன்மேல் சாய்ந்தது. நூலில் கால் சிக்கி மல்லாக்க விழுந்தவனின் நெஞ்சில் சட்டத்தை அழுத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "இனி அடி! அடி பாப்போம்!" என்று கத்தினாள். அவன் பற்களுக்கு நடுவே ரத்தம் வந்தது. கிளாராவும் மற்றப் பெண்களும் வெட்டோத்தியைப் பிடுங்கி, அவள் சுற்றிய நூலாலேயே அவன் கைகளைக் கட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு ரெஜிலா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, சபைச் செயலாளர் ஞானசிங் அங்கே ஒரு பெண் காவலரின் எதிரே முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்டெனியின் அடியைப் பற்றி அவரிடம் அவள் பலமுறை முறையிட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, கிழிந்த உதட்டோடு அவள் போட்ட டீயைக் குடித்து, ஜெபம் பண்ணி, பொறுத்துப் போகச் சொல்லிவிட்டுப் போனவர். இன்று அழைக்காமலே வந்திருந்தார்.

"பலிபீடத்துல விரிக்கதுக்கு நாங்க ஆர்டர் கொடுத்த துணியாக்கும் மேடம். அந்த நூலையா வெட்டுவான்? சபை இத சும்மா விடாது."

புகார் தயாராக இருந்தது. சபைக்குச் சொந்தமான நூலை வெட்டி நாசப்படுத்தியதாக ஸ்டெனிமேல் குற்றம். ரெஜிலா சாட்சி. ஞானசிங் பேனாவை நீட்டினார்.

அவள் முழுக்கப் படித்தாள்.

"எனக்க கை எங்க அண்ணாச்சி?"

"என்னது?"

"இதுல நூல் இருக்கு. கை இல்லியே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது குடும்பக் காரியம் பிள்ள. அத சபையில வச்சுப் பேசித் தீத்துக்கிடலாம். போலீஸ்ல எழுதினா நமக்குத்தானே அவமானம்?"

ரெஜிலா பேனாவை வாங்கவில்லை. தாளை அவர் பக்கமே தள்ளினாள்.

"உங்க நூலுக்கு நீங்க ஒப்புப் போடுங்க."

கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்து, எதிரே இருந்த பெண் காவலரைப் பார்த்தாள்.

"மேடம், எனக்கு ஒரு புகார் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து சொல்லணும்."

காவலர் ஞானசிங்கைப் பார்த்தார், ரெஜிலாவைப் பார்த்தார், மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"இன்னும் எடுங்க மேடம்" என்றாள் ரெஜிலா. "ஒண்ணு போதாது."