இதழ் கிழித்த பூக்கள்

காலை ஐந்து ஐம்பது. மொட்டை மாடியில் பூசணிப் பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. பதினோரு பூக்கள்.

கணேசமூர்த்தி குனிந்து முதல் பூவைப் பிடித்தான். பூசணியின் இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்க முடியாது. சுற்றிக் கிழிக்க வேண்டும். மூன்று வாரப் பழக்கத்தில் விரல்கள் வேகமாகியிருந்தன. கிழித்ததை வாளியில் போட்டான். வெயில் ஏறினால் தேனீக்கள் வந்துவிடும்.

சென்ற ஆண்டு ஒரே ஒரு கொட்டு. மகள் மதுமதிக்கு அப்போது ஏழு வயது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ லஸ் சிக்னலில் நின்றபோது அவள் உதடு நீலமாகியிருந்தது. அடுத்த முறை இவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் ஃப்ரிட்ஜின் மேல் ஊசி மருந்து இருக்கிறது.

பூச்சிகளைக் கவர்வது இதழ்களின் வேலை. மகள் பாடம் படிக்கும்போது காதில் விழுந்தது. இதழ் இல்லாவிட்டால் தேனீ வராது. முழுப் பூவையும் பறித்தால் செடிக்காரிக்குத் தெரிந்துவிடும். இதழ் மட்டும் போனால் பழி அணிலுக்கு.

"அணில் லுங்கியெல்லாம் கட்டுமா என்ன?"

எதிர் ஃப்ளாட் நீரஜா மாமி. கையில் பூவாளி. கல்லூரியில் தாவரவியல் நடத்துபவள். செடிகள் அவளுடையவை.

"மாமி..."

"மூணு வாரமா பிஞ்செல்லாம் அழுகி விழறது. தெனம் அந்த அணிலத் திட்டிண்டிருந்தேன். ஏன் இப்படிப் பண்றேள்?"

சொன்னான். மாமி பூவாளியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா செடியையே எடுத்திருப்பேனே."

"எப்படிக் கேக்க மாமி? அதுகிட்ட பேசிக்கிட்டே தண்ணி ஊத்துறீங்க."

"இதழ் இல்லேன்னா தேனீ வராதுன்னு யார் சொன்னா?"

"பாடத்துல இருக்கு."

"பாண்டி பஜார்ல உங்க ஜவுளிக் கடை போர்டக் கழட்டிட்டா ஒருத்தரும் வர மாட்டாளா? புதுசா வர்றவா தாண்டிப் போவா. வழி தெரிஞ்சவா வந்து தேடுவா. தேன் அடியில அப்படியேதானே இருக்கு."

"தேடும்னா?"

"இடம் தெரியும். பூவக் காணோம். மஞ்சளா எது கண்ணுல பட்டாலும் கிட்டப் போய்ப் பாக்கும்."

அவனுக்குப் பின்னால் வாளி நகரும் சத்தம் கேட்டது.

மதுமதி. தூக்கம் முழுதாகக் கலையாத முகம். வாளியிலிருந்த இதழ்களை எடுத்துச் சட்டைக் காலரைச் சுற்றிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் ராணி."

"அதக் கீழ போடு."

"மாட்டேன். நீதான கிழிச்ச."

முதல் தேனீ வந்தது. இதழ் இழந்த ஒரு பூவைச் சுற்றியது. அடுத்ததைச் சுற்றியது. எதிலும் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவர்வரை போய்த் திரும்பியது. பிறகு அவளை நோக்கி வந்தது.

மருந்து பதினான்கு படிகளுக்குக் கீழே. அவன் ஓடினால் அவளும் பின்னால் ஓடி வருவாள்.

"ஏட்டி, அசையாத."

"ஏன்?"

"கண்ண மூடிக்கோடி கொழந்தே. செல மாதிரி நிக்கணும், பாக்கலாம்," என்றாள் மாமி. சொல்லிக்கொண்டே படிப் பக்கம் பின்னால் நகர்ந்தாள்.

"ஃப்ரிட்ஜ் மேல," என்றான் அவன். மாமி தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள்.

தேனீயின் சத்தம் சட்டென்று நின்றது. அவன் மகளின் தோளைப் பார்த்தான், தலைமுடியைப் பார்த்தான். எங்கும் இல்லை. காலரில் இதழ்கள் மட்டும். ஒன்று லேசாக அசைந்தது. காற்று இல்லை.

மதுமதி கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"அப்பா, கழுத்துல என்னமோ ஊருது. தட்டி விடட்டா?"