வழிமுறை இல்லாத விடை

கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், ஐந்தாம் வகுப்புக் கணக்கு விளையாட்டு டீச்சரின் தலையில் விழுந்தது.

"புத்தகத்துல இருக்கிறதை போர்டுல எழுதிப் போடுங்க, போதும்," என்றார் தலைமையாசிரியர்.

பின்னம் என்றாலே பிள்ளைகளுக்கு வேப்பங்காய் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மூன்றில் ஒன்று பெரிசா, நான்கில் ஒன்று பெரிசா என்று டீச்சர் கேட்டாள். மூன்றைவிட நான்குதானே பெரிசு, அதனால் நான்கில் ஒன்று என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

மறுநாள் மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரே நீளத்தில் இரண்டு கயிறு. ஒன்றை மூன்றாக மடிக்கச் சொன்னாள், இன்னொன்றை நான்காக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஓட்டப் பாதையில் கோடு போட்டு, பாதி, முக்கால், ஐந்தில் இரண்டு என்று அவள் கூவ, ஓடிப்போய் நின்றார்கள். யாரிடமும் வாய் திறக்காத ஒரு பெண், கூடப் படிப்பவர்கள் ஊமைக்கோட்டான் என்று பட்டம் வைத்தவள், "டீச்சர், இன்னொரு தரம்" என்றாள்.

பரீட்சை வந்தது. விளையாட்டு டீச்சரை நம்பாமல் தலைமையாசிரியரே தாள்களைத் திருத்தினார். ஆறில் ஐந்து, எட்டில் ஏழு, எது பெரிது என்பது கேள்வி. ஊமைக்கோட்டான் இப்படி எழுதியிருந்தாள்: 'இரண்டுமே முழுசாவதற்கு இன்னும் ஒரு துண்டு வேண்டும். எட்டாக வெட்டினால் துண்டு சின்னது. குறைவது கொஞ்சம் என்பதால் எட்டில் ஏழுதான் பெரிது.'

பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு முட்டை.

தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் அவர் அறைக்குப் போனாள். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"வழிமுறை எங்கே? பகுதியைச் சமமாக்கவே இல்லையே," என்றார் அவர்.

"யோசிச்சிருக்காளே சார், அதுதான் வழிமுறை."

"மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்ல?"

"என்னைக் கூப்பிடுங்க, நான் சொல்றேன். இந்த மார்க்குக்குக் கீழே மட்டும் பாட டீச்சர்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்க வேலை இன்னும் நிரந்தரமாகலை. ஞாபகம் இருக்கட்டும்."

ஆனாலும் டீச்சர் பேனாவைத் தொடவில்லை. அப்போது வாசலிலிருந்து குரல் வந்தது.

"சார், விடை சரியா, தப்பா?"

"சரிதான். ஆனா..."

"சரின்னா முட்டை எதுக்கு சார்?"

அவர் முகம் சிவந்தது. "வகுப்புக்குப் போ!" என்று அதட்டினார்.

முட்டை முட்டையாகவே இருந்தது. கணக்கு வகுப்பு டீச்சரின் கையை விட்டுப் போனது. போதாததற்கு தலைமையாசிரியர் மன்னிப்புக் கடிதம் வேறு கேட்டார். அவள் விடைத்தாளை நகலெடுத்து, 'இதில் உள்ள தவறை எழுத்தில் தெரிவித்தால் மன்னிப்புக் கேட்கத் தயார்' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்பினாள். ஒரு மாதமாகியும் பதில் இல்லை.

விளையாட்டு பீரியட் மட்டும் அவளுடையது. அதில் என்ன விளையாட வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியர் அறை ஜன்னலுக்கு நேர் எதிரில் பிள்ளைகளை நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒண்ணைவிடப் பெரிய பின்னம்," என்றாள், ஜன்னலுக்கும் கேட்கிற குரலில். "நாலில் அஞ்சு! ஓடுங்க!"

ஊமைக்கோட்டான் முடிவுக் கோட்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தாள்.