உபயம்: புனிதா

திண்டிவனம் பைபாஸை ஒட்டி ஒரு தெரு. அங்கே பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு காலி மனை கிடந்தது. அதில் விளையாடப் போன ஏழு வயசுப் புனிதாவை லாரி அடித்துவிட்டது. பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, அதை நான் விவரிக்கப் போவதில்லை. அதற்கப்புறம்தான் தெருக்காரர்கள் கூடி, ரோட்டைத் தாண்டாமல் தெருப்பக்கமே பிள்ளைகள் விளையாடப் பூங்கா கமிட்டி ஆரம்பித்தார்கள்.

தையல் கடை இருதயசெல்வி செயலாளர். வீடு வீடாகப் போனாள். சறுக்குமரம் ஒருவர் உபயம், சீசா ஒருவர் உபயம். கொடுத்தவர் பேரை அதன் மேலேயே பெயிண்டில் எழுதுவதாக ஏற்பாடு. புனிதாவின் அம்மா வெள்ளையம்மாள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவள் அவள். தானே தேடி வந்தாள்.

"இன்னாத்துக்கு என் வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போற? ஊஞ்சல் என்னுது."

"சரிக்கா. 'புனிதா நினைவாக'னு எழுதிடட்டுமா?"

"அப்படி எழுதினா எந்தப் புள்ள ஏறும்? சும்மா புனிதானு போடு. நாலு புள்ளைங்களோட அதுவும் ஒண்ணா இருந்துட்டுப் போவட்டும்."

செல்வி பட்டியலிலும் அப்படியே எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா. மைக் பிடிக்கக் கண்டாச்சிபுரத்திலிருந்து மாசிலாமணி வந்திருந்தார். உபயதாரர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பட்டியலைப் பார்த்துப் படிக்கிற வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்?

"அடுத்து, ஊஞ்சல் உபயம், புனிதா அவர்கள்!"

கூட்டம் அடங்கிப்போனது.

"புனிதா! எங்க இருக்கீங்க? கூச்சப்படாதீங்க, ஜல்தியா வாங்க!"

ஸ்பீக்கர் ஒன்றை ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தப் பேர் லாரிகளைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிற்று. மேடையை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ரோட்டைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளையம்மாள் எழுந்து அலறினாள். "யோவ், கூப்டாதய்யா! கூப்ட்டா வந்துடும்! தனியா ரோட்டத் தாண்டிடும்!"

அவள் ஓடினாள். செல்வி பின்னாலேயே ஓடி ரோட்டோரத்தில் கையைப் பிடித்தாள்.

"நில்லுக்கா!"

"எப்படி நிக்கறது? அந்தாண்ட நின்னுக்கினு இருக்குது பாரு."

செல்வி பார்த்தாள். காலி மனையில் முள்செடிதான் இருந்தது. ஆனால் யாரும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"சரி வா. நானும் வர்றேன்."

கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினாள். கிறீச்சென்று நின்ற லாரியிலிருந்து டிரைவர் கத்தினான். "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வரும்போது வெள்ளையம்மாளின் இடது கை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. விரல்கள் எதையோ பற்றி மூடியிருந்தன. அடியை எட்டிப் போடாமல், சின்னக் கால்களுக்கு ஏற்ற மாதிரி நடந்தாள். செல்வி ஒரு ஆள் இடம் விட்டு அந்தப் பக்கமாகவே நடந்தாள்.

ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கை திறந்தது. வெறும் பலகையை வெள்ளையம்மாள் மெல்லத் தள்ளினாள். போய்ப் போய் வந்தது. பெரியவர்கள் ஒருவரும் கிட்டே வரவில்லை. ஐந்து வயசு டயானா மட்டும் ஓடிவந்து நின்றாள். அவள் அம்மா தோளைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி வூட்டுக்கு!"

"இரும்மா. அந்த அக்கா எறங்கட்டும். அப்பறம் நான்."

வெள்ளையம்மாள் சங்கிலியைப் பிடித்து ஊஞ்சலை நிறுத்தினாள். இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். பிறகு டயானாவைத் தூக்கிப் பலகையில் உட்காரவைத்தாள்.